தலையாட்டிய தொண்டிப் பொருள்

அந்த மாடு செத்துப்போனால் என்னை ஜெயிலில் போடுவார்கள் என்று நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் அறுபத்தெட்டு மார்க். அப்படிப்பட்ட ஆள் நம்பினேன். போதாததற்கு, ஜெயிலுக்கு எடுத்துப்போக ஒரு பித்தளைச் சொம்பும் இரண்டு பனியனும் தனியே எடுத்து வைத்தேன். அது எதற்கு என்று மனைவி கேட்டபோது, இன்ஸ்பெக்‌ஷன் கேம்ப் என்றேன்.

கோர்ட் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் தொண்டி செக்‌ஷன் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது.

1. ஃபாரம் 95

சென்னை ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் கோர்ட். கேஸில் போலீஸ் கைப்பற்றுகிற பொருள்தான் தொண்டி. அதெல்லாம் ஃபாரம் 95 என்ற காகிதத்தோடு தொண்டி கிளார்க்கிடம் வரும். சரிபார்த்து வாங்கி, ரெஜிஸ்டரில் ஏற்றி, பி.ஆர். நம்பர் போட வேண்டும். அந்த நம்பரை அட்டையில் எழுதி, நூலால் பொருளோடு கட்டி, அரக்கு உருக்கி சீல் வைத்து, அறையில் பூட்ட வேண்டும். கத்தி, கடப்பாரை, சைக்கிள், சாராயப் பானை, ஒற்றைச் செருப்பு எல்லாம் இருக்கும். இன்னாரிடம் ஒப்படை என்று தீர்ப்பு வருகிறவரை அத்தனைக்கும் கிளார்க்தான் பொறுப்பு.

நான் சார்ஜ் எடுத்த முதல் நாள் ஹெட் கிளார்க் சம்பந்தம் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம். "கோபாலு, இந்த ரூம்ல ஒரு குண்டூசி காணாப்போனாலும் பதில் சொல்ல வேண்டியது நீதான்."

மதியம் மூன்று மணிக்கு மாடு வந்தது.

வெள்ளைக் காளை. நெற்றியில் சுழி, கழுத்தில் சலங்கை, முதுகில் ஒட்டுப்போட்ட பலவர்ணத் துணி. ஃபாரம் 95இல் அயிட்டம் ஒன்று காளை மாடு, இரண்டு சலங்கை மாலை, மூன்று துணி. கொண்டுவந்த ஏட்டு கயிற்றை என் பக்கம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அறையில் இடமில்லை என்றேன். அட்டையை எங்கே கட்டுவது, சீலை எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"எங்கனா வையி சார். அது ஒண்ணும் சொல்லாது. இன்னா கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லும். பூம்பூம் மாடு."

கொம்பில் அட்டையைக் கட்டினேன். அரக்கை உருக்கி முடிச்சின்மேல் சொட்டு விட்டு பித்தளை சீலை அழுத்தினேன். மாடு அசையவில்லை. ரசீதில் கோர்ட் முத்திரையைக் குத்தினேன். டொக் என்று சத்தம். மாடு தலையை மேலும் கீழும் ஆட்டியது. ஏட்டு சிரித்தார். இன்னொரு காப்பியிலும் குத்தினேன். மறுபடி ஆட்டியது. நாற்பத்தைந்து வயது ஹெட் கிளார்க்கிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை அந்த ஆபீஸில் என் வேலையை ஒப்புக்கொண்ட முதல் ஜீவன் அதுதான்.

சிறிது நேரத்தில் அட்டையைத் தின்றுவிட்டது. டூப்ளிகேட் அட்டை கட்டினேன். அதையும் தின்றது. சான்றுப் பொருள் தன் சான்றைத் தானே தின்கிறது என்று ரெஜிஸ்டரில் எழுதவா முடியும்? கடைசியில் சைக்கிள் கடையில் ஒரு தகரத்துண்டு வாங்கி, ஆணியால் பி.ஆர். நம்பரைக் குத்தி, கம்பியால் கொம்பில் கட்டினேன்.

கேஸ் இதுதான். பென்னலூர் ஏகாம்பரம், ஒரகடம் ரோட்டில் புதிதாக வந்திருந்த ஒரு சின்ன கம்பெனியில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தபோது நரசய்யா என்ற கிழவர் உறுமி அடித்து இந்த மாட்டை ஆட்டுவித்துக்கொண்டிருந்தார். நெற்றிச் சுழியையும் காது மடிப்பையும் பார்த்த ஏகாம்பரம், இது எங்கள் வீட்டில் பிறந்த கன்று, ஐந்து வருஷம் முன்னால் காணாமல் போனது என்று புகார் கொடுத்துவிட்டார். நரசய்யா சொன்னது வேறு. ஏகாம்பரத்தின் அப்பா, பிள்ளைக்குக் காய்ச்சல் தெளிந்தால் கன்றைப் பெருமாளுக்கு விடுவதாக வேண்டிக்கொண்டு, தெளிந்ததும் பெருமாள் மாடு ஆட்டுகிற நரசய்யாவிடம் தன் கையாலேயே கயிற்றைக் கொடுத்தாராம். அந்தப் பிள்ளை ஏகாம்பரம்தான். அப்பா செத்துப்போய்விட்டார். எழுத்து எதுவும் இல்லை.

பிடிபட்ட மாடுகளை அடைக்கிற ஊர்ப் பட்டியின் சுவர் இடிந்து கிடந்தது. நரசய்யாவுக்கு நிலையான விலாசம் இல்லாததால் மாட்டை அவரிடம் விட ஜாமீன் சொல்ல ஆள் இல்லை. ஏகாம்பரத்திடம் கொடுக்க நரசய்யாவின் வக்கீல் ஒப்பவில்லை. எனவே கேஸ் முடியும்வரை மாடு கோர்ட் சைக்கிள் ஷெட்டில், என் ஜன்னலுக்கு நேர் வெளியே.

2. சுண்ணாம்புக் கோடு

மூன்றாம் நாள் அது வைக்கோலைத் தொடவில்லை. மணிக்கொருதரம் போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். அது என் விரலை நக்கியது. சாகப்போகிற மாடு கடைசியாக நன்றி சொல்கிறது என்று முடிவுகட்டி, சஸ்பென்ஷனுக்குப் பதில் சொல்லும் விளக்கக் கடிதத்தை அன்றைக்கே டிராஃப்ட் செய்தேன். நன்றாகவே வந்திருந்தது.

மதியம் எதிர் டீக்கடையிலிருந்து உறுமிச் சத்தம் வந்தது. அடிக்கவில்லை, குச்சியால் தோலை மெல்லத் தேய்க்கிற முனகல். மாடு காதை நிமிர்த்தியது. தலையை ஆட்டியது. குனிந்து வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தது.

ரோட்டைத் தாண்டிப் போய் நரசய்யாவைப் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். தலைப்பாகை, பெரிய மீசை. அவர் எழுந்து நின்று, "தொர துன்றானா சாமி?" என்று கேட்டார். தொர என்பது மாட்டின் பெயர். கூப்பிட்டுவந்தால் இன்னும் நன்றாகத் தின்னும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தொண்டிப் பொருளைத் தொட்டால் சாட்சியத்தைக் கலைத்த குற்றம் ஆகிவிடுமே! டேப் வைத்து ஷெட்டிலிருந்து பத்தடி அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் வரக்கூடாது, மதிய இடைவேளையில் மட்டும், என்று கண்டிஷன் சொன்னேன்.

அவர் சரியாகக் கோட்டின்மேல் குந்தினார். மாடு கயிறு விடுகிற மட்டும் வந்து நின்றது. இருவருக்கும் இடையில் இரண்டு முழம். அவர் அதனோடு பேசுவார். தெலுங்கா தமிழா என்று பிரிக்க முடியாத பேச்சு. எந்த ஊரில் மழை, எந்த வீட்டில் அரிசி போட்டார்கள், யாருக்குக் கல்யாணம். ஒவ்வொன்றுக்கும் உறுமியை ஒரு தரம் தேய்ப்பார். அது ஆமாம் போடும். நான் ஜன்னலருகே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிட மறந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்து விட்டிருந்தால் அந்த இரண்டு முழம் தீர்ந்திருக்கும். ஐந்து மாதம் அந்த முடிச்சைத் தினமும் பார்த்தேன். அவிழ்க்கவில்லை. இன்றைக்கும் எதையாவது கட்டும்போது கை அங்கேதான் போய் நிற்கிறது.

3. கல்லுக்கு உண்டு

ஏகாம்பரம் சாட்சி சொன்ன அன்று மாட்டை அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. மாஜிஸ்ட்ரேட் வராந்தாவுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெஞ்ச் கிளார்க் பக்கத்தில் ஸ்டூல் போட்டு மற்ற ஆவணங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மாட்டுக்கு எம்.ஓ. ஒன்று, அதாவது சான்றுப் பொருள் ஒன்று, என்று நம்பர் விழுந்தது. சலங்கை இரண்டு, துணி மூன்று.

ஏகாம்பரம் மாட்டின் முன்னால் போய் நின்றார். கெட்ட மனுஷர் இல்லை. "நீ எங்க வூட்ல பொறந்ததுதானே? எங்கப்பா கையால தவுடு துன்னதுதானே?"

டொக். மாடு தலையாட்டியது. அரசு வக்கீல், அதைக் குறித்துக்கொள்ள வேண்டும் ஐயா என்று எழுந்தார்.

நரசய்யாவின் வக்கீல் ஜகந்நாதன் கோயில் நிலக் கேஸ்களில் பழுத்தவர். அவர் நிதானமாக மாட்டிடம் போனார். "நீ இந்த அரசு வக்கீலோட கூடப்பொறந்த அண்ணன்தானே?"

டொக், டொக். மாடு இரண்டு தரம் ஆட்டியது. வராந்தாவே சிரித்தது. முத்திரைச் சத்தத்துக்குத்தான் ஆடுகிறது என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான். சொன்னால் என்னையும் கூண்டில் ஏற்றிவிடுவார்களோ என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

சிரிப்பு அடங்கியதும் ஜகந்நாதன் சொன்னதை ஏறக்குறைய அப்படியே எழுதுகிறேன்.

"ஐயா, இந்த ஊர்ப் பெருமாளுக்கு நெலம் இருக்கு. பத்திரம் அவர் பேர்ல. எவனாவது ஆக்கிரமிச்சா அவர் பேர்லயே கேஸ் போடறோம். சட்டத்துல சாமி ஒரு ஆளு. மைனர். அவருக்காகப் பேச ஒரு கார்டியன் உண்டு. கல்லுல செஞ்சவருக்கு இவ்வளவும் இருக்கு. இது மூச்சு விடுது, பசிக்குது, ஆளைத் தேடுது. இதுக்கு எம்.ஓ. ஒண்ணுன்னு நம்பர் போட்டு சைக்கிளோட கட்டி வச்சிருக்கோம். இதுக்கும் ஒரு கார்டியனைப் போடுங்க. கொழந்தை யார்கிட்ட இருக்கணும்னு பாக்கறப்ப கொழந்தைக்கு எது நல்லதுன்னு பாக்கறோம்ல, அந்த மாதிரி பாருங்க."

மாஜிஸ்ட்ரேட் பேனாவை மூடித் திறந்தார். "கல்லுக்கு உண்டுன்னு எனக்கு முன்னால எழுதி வச்சிருக்காங்க, ஜகந்நாதன். மாட்டுக்கு உண்டுன்னு யாரும் எழுதல. எழுத எனக்கு அதிகாரமும் இல்ல."

மனு தள்ளுபடி. உள்ளே போகும்போது என் பக்கம் திரும்பி, "அது சாப்பிடுதாய்யா?" என்று கேட்டார். சாப்பிடுதுங்க ஐயா என்றேன். அன்று அது உண்மை.

அந்த வாதத்தை ஒரு மாதம் டீக்கடையில் மிமிக்ரி செய்து காட்டினேன். மாட்டுக்கு வக்காலத்து, மாட்டுக்கு கார்டியன் என்று. நல்ல வரவேற்பு.

4. விரைவில் கெடும் பொருள்

அடுத்து சாட்சி சொல்ல வேண்டிய ஏட்டு மாறுதலில் போய்விட்டார். வாய்தாமேல் வாய்தா. ஒருநாள் மதியம் ஹெட் கிளார்க் பின்பக்கம் வந்தவர், சுண்ணாம்புக் கோட்டையும் அதன்மேல் குந்தியிருந்த நரசய்யாவையும் பார்த்துவிட்டார்.

"யோவ், எதிரியைக் கூட்டியாந்து தொண்டிகிட்ட கச்சேரி வைக்கிறியா? உள்ள போயி களி துன்னணும்னு ஆசையா?"

ஜெயில் பேச்சை முதல்தடவையாக இன்னொருவர் வாயால் கேட்கிறேன். எனக்கு அது தீர்ப்பு மாதிரி இருந்தது. அன்றே நரசய்யாவிடம் இனி வாய்தா தவிர இந்தப் பக்கம் வரக்கூடாது என்றேன். அவர் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "துன்னலன்னா கொம்புக்கு நடுவுல சொறிஞ்சி வுடு சாமி" என்று சொல்லிவிட்டுக் காஞ்சிபுரம் பக்கம் போய்விட்டார். பிழைக்க வேண்டுமே.

மாடு தின்பதை நிறுத்தியது. கொம்புக்கு நடுவே சொறிந்து விட்டேன். முத்திரையை எடுத்துப்போய் ஷெட்டுச் சுவரில் டொக் டொக் என்று குத்திக் காட்டினேன். கோர்ட் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டின் எதிரே குந்தி, ராஜா, தொர, கொஞ்சம் தின்னுடா என்று கெஞ்சினவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது ஆமாம் என்று தலையாட்டும். தின்னாது.

கால்நடை டாக்டர் வந்து கண்ணை விலக்கிப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். "வியாதி ஒண்ணும் இல்ல சார். ரோட்டையே பாத்துக்கினு நிக்குது. யாரைத் தேடுதோ அவங்களக் கொண்டாந்து காட்டுங்க." ரிப்போர்ட்டில் அதை எழுத முடியாது என்பதால் 'தீவனம் எடுக்கவில்லை, மெலிவு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு நேராக மாஜிஸ்ட்ரேட்டிடம் போய், கிழவர் பக்கத்தில் உட்கார அனுமதி கொடுங்கள் ஐயா என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம் பித்தளைச் சொம்பு.

ஹெட் கிளார்க்கிடம் போனேன். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நோட் உண்டு. விரைவில் கெட்டுப்போகக்கூடிய தொண்டிப் பொருளைக் கேஸ் முடியும் முன்பே ஏலம் விடலாம் என்று சட்டத்தில் இடமிருக்கிறது. "தக்காளிக்கும் மீனுக்கும் போடற நோட்டுதான்யா. பேரை மாத்திப் போடு."

மாற்றிப் போட்டேன். 'மேற்படி பொருள் விரைவில் கெடும் தன்மையுடையதாலும், எந்நேரமும் சேதமுறக்கூடுமாதலாலும்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம். என் சர்வீஸிலேயே அவ்வளவு தெளிவான நோட் நான் எழுதியதில்லை. ஜகந்நாதன் ஆட்சேபித்தார். "அதுக்குள்ள செத்துப்போனா யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். ஜகந்நாதன் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சொன்ன பதில் என்னிடம் இருந்தது. நான் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஏல நோட்டீஸைப் போர்டில் ஒட்டியதும் நான்தான். நரசய்யாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவரிடம் கைநாட்டு வாங்கினவனே நான். வக்கீல் சொல்லியனுப்பிய ஆள் அவரைக் கண்டுபிடிக்கவில்லை.

5. மூன்று தரம்

கோர்ட் ஏலத்துக்குத் தமுக்கு அடிப்பது அப்போது வழக்கம். தமுக்குக்காரர் கேட்டருகே முதல் அடி அடித்ததும் ஷெட்டில் படுத்திருந்த மாடு எழுந்துவிட்டது. பதினெட்டு நாளில் முதல் தடவையாகக் கயிறு விறைக்க முன்னால் வந்தது. காது நிமிர்ந்திருந்தது. அடிக்கு அடி தலையாட்டியது.

ஏகாம்பரம் இரண்டு தடவை விலை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். சந்தை மாட்டுத் தரகர் ஒருவர் மேலே கேட்டார்.

"ஒரு தரம்." தமுக்கு. மாடு ஆமாம் என்றது.

"ரெண்டு தரம்." ஆமாம்.

கூட்டத்தில் யாரோ, "மாடே ஒத்துக்கிச்சிபா, அப்புறம் இன்னா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்குகிற சிரிப்பு.

மூன்றாம் தரமும் ஆட்டியது. பிறகு தமுக்குக்காரர் பக்கத்தில் போய் அவர் தோளை முகர்ந்து பார்த்தது. ஆள் வேறு. அவரைத் தாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. தரகர் கயிற்றை அவிழ்த்தார். அந்த முடிச்சு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. சலங்கையும் துணியும் தனி அயிட்டம் என்பதால் கழற்றி வாங்கிக்கொண்டேன். கொம்பிலிருந்த தகரத்தை மறந்துவிட்டேன். ரெஜிஸ்டர்படி அது கோர்ட் சொத்து. லாரி போன பிறகுதான் ஞாபகம் வந்தது. வழக்கம்போலப் பதறினேன்.

பத்து வருஷமாகிறது. குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிற ஆள் நான். காற்றுக்கு என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ரோட்டில் போகிற ஒவ்வொரு வெள்ளை மாட்டின் கொம்பையும் பார்க்கிறேன். பெயின்ட் அடித்த கொம்பு, குஞ்சம் கட்டிய கொம்பு, சீவிய கொம்பு எல்லாம் பார்த்தாயிற்று. ஆணியால் நம்பர் குத்திய தகரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்வேன் என்றும் தெரியாது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ரசீது கேட்பேனோ என்னவோ. ஆபீஸில் முத்திரை குத்தும்போது இப்போதும் ஒரு நிமிஷம் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறேன். எதிரே சைக்கிள்கள் நிற்கின்றன.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு. மூச்சு விடுகிற எதையாவது ரெஜிஸ்டரில் ஏற்ற நேர்ந்தால், நம்பர் போடும் முன்பு அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். பயத்தில் எழுதுகிற நோட் பிழையில்லாமல் வரும். அதனால் கையெழுத்தும் சீக்கிரம் விழும். உங்கள் பயத்தை யாரும் அதில் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஏலத்துக்குப் பிறகு வந்த வாய்தாவில் ஏட்டு வந்து சாட்சி சொன்னார். ஏகாம்பரத்தின் பக்கத்து வீட்டுக்காரரே, பெரியவர் கன்றைச் சாமிக்கு விட்டது நிஜம் என்றும் சொன்னார். நரசய்யா விடுதலை. 'எம்.ஓ. ஒன்று முதல் மூன்று வரை எதிரியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்' என்று தீர்ப்பு. ஏலத்தைப் பற்றி அடியில் ஒரு வரி இருந்தது. நரசய்யாவுக்குக் கேட்டது மேல் வரி மட்டும்தான். வக்கீல் எடுத்துச் சொல்வதற்குள் எழுந்துவிட்டார்.

ஒரு கட்டு பச்சைப் புல்லும் புதுக் கயிறும் கொண்டுவந்திருந்தார். நேராக ஷெட்டுக்குப் போனார். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது; பழக்கத்தில் அங்கேயே நின்றார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார்.

"தொர எங்க சாமி?"

சொன்னேன். ஏலத்தில் வந்த பணத்தைக் கவரில் வைத்துக் கொடுத்தேன். சலங்கையையும் துணியையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சலங்கை சத்தம் போடாமல் இருக்க உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"போவும்போது இன்னா பண்ணான்?"

எத்தனையோ பொய் சொல்லத் தெரிந்தவன் நான். அன்று ஒன்றும் வரவில்லை.

"தலையாட்டினான், பெரியவரே."

அவர் ஷெட்டுப் பக்கம் திரும்பினார். "ஆமான்னு சொல்ல மட்டுந்தான் அவனுக்குக் கத்துக்குடுத்தேன்" என்றார்.

ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்தேன். கைநாட்டு வைத்தார். எம்.ஓ. இரண்டும் மூன்றும் ஒப்படைக்கப்பட்டன. எம்.ஓ. ஒன்றுக்கு எதிரே 'தீர்ப்புக்கு ஒன்பது நாள் முன்பு ஏலத்தில் விற்கப்பட்டது' என்று எழுதினேன். மாடு என் கையில் சாகவில்லை. தகரம் தொலைந்ததற்கு எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை.